தமிழ் கற்பித்தலும் புதுக் கருவிகளும்

கல்லூரியின் விழா ஆண்டிலே பழைய மாணவர்கள் தாம் பயின்ற கூடத்தை நினைந்து கைகொடுக்க முன்வருதல் எமது நாட்டிலே வேரூன்றிய நன்மரபாகும். முன்னாளில் மண்டபமும் கிணறும் விளையாட்டிடமும் இவ்வாறு கிடைத்தன. இம்முறை பேசப்படுவது திறன்பலகை. தொட்டால் எழுதவும், படம் காட்டவும், பாட்டு இசைக்கவும், இணையத்தோடு தொடர்புகொள்ளவும் வல்ல அப்பலகையை வகுப்புக்கு ஒன்றாக நிறுவித் தரலாமென அன்பர் சிலர் எழுதியுள்ளனர். தமிழ் கற்பிக்கும் எமது கருத்தையும் கேட்டுள்ளனர். கேட்டமைக்கு முதற்கண் எமது நன்றி. இத்தகைய பொருள்கள் பெரும்பாலும் ஆசிரியரைக் கேளாமலே வந்து சேர்வதுண்டு.

விஞ்ஞான ஆசிரியருக்கும் புவியியல் ஆசிரியருக்கும் அப்பலகை பெரிதும் உதவும் என்பதில் ஐயமில்லை. இதயம் துடிக்கும் வகையை வெண்கட்டியால் வரைந்து காட்டுவதிலும் அசையும் படத்திற் காட்டுதல் மேலானதே. தமிழ் வகுப்பின் நிலை வேறு. அங்கே கண்ணுக்குக் காட்டவேண்டிய பொருள் குறைவு. கேட்கவும் சொல்லவும் வேண்டிய பொருளே மிகுதி.

பவணந்தி முனிவர் 13 ஆம் நூற்றாண்டிலே, நன்னூற் பாயிரத்தில், மாணாக்கன் புலமை பெறும் வகையைக் கால் கணக்கிற் பகுத்து உரைத்துள்ளார். ஆசிரியன் சொல்வதை எத்துணை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கைகூடுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு கூடிப் பயின்றால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்குத் தானே எடுத்துரைக்கும்போது வருவது. தமிழாசிரியர் அனைவரும் அறிந்த செய்தியே இது. அறிந்தும், எமது நாட்டு வகுப்பறைகளிலே பாடவேளையின் பெரும்பகுதி அம்முதற் காற்பங்குக்கே செலவாகின்றது. செயலமர்வுகளில் ‘இடைவினைக் கற்பித்தல்’ என்று இக்காலத்தார் பெயரிட்டுப் பேசுவது, பவணந்தியார் சொன்ன மற்றை முக்காற்பங்கையே அன்றிப் புதியது ஒன்றையன்று.

திறன்பலகை பெருப்பிப்பது ஆசிரியனது காற்பங்கை. முக்காற்பங்கு மாணவரின் வாயிலும் செவியிலும் உள்ளது. ஆதலால், தமிழ் வகுப்புக்குக் கருவி வாங்குவோர் அம்முக்காற்பங்குக்கு உதவுவதையே முதலில் வாங்குதல் வேண்டும் என்பது எமது துணிபு.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். வகுப்பில் 45 மாணவர். பாடவேளை 40 நிமிடம். ஆசிரியன் ஒரு சொல்லும் பேசாதிருந்து, ஒருவர்பின் ஒருவராக எல்லோரையும் பேசவிட்டாலும் ஒருவனுக்கு ஒரு நிமிடமும் வாராது. அவ்வகுப்பையே ஐவர் ஐவராக 9 குழுக்களாக்கி ஒருங்கே பேசவிட்டால் ஒவ்வொருவனுக்கும் 8 நிமிடம் கிடைக்கும். இடர்ப்பாடு யாதெனின், ஓர் ஆசிரியனுக்கு ஒன்பது சோடிச் செவிகள் இல்லை. கருவி வேண்டிய இடம் இதுவே.

யாம் கருவியை வெறுக்கும் கூட்டத்தினர் அல்லேம். சைவத்தமிழ்க் கல்விக்கு வழிவகுத்த ஆறுமுக நாவலர் 1848 இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறுவருடமே சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். பள்ளிக்கூடம் கண்டவர் அடுத்துத் தேடியது அக்காலத்துப் புதுக் கருவியையே. அக்கருவியின் பயனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் இல்லை. எகர ஒகரங்களிற் குறில் நெடில் வேறுபாடு காட்டுவதும் இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளியும் இல்லை. அதனை வாசிக்க ஆசிரியன் வேண்டும்; வாய்விட்டு ஓசையோடு வாசித்தாலன்றிப் பொருளும் விளங்காது. நாவலர் சிறுவருக்கென இயற்றிய பாலபாடங்களிற் சந்தி பிரித்தும் குறியீடுகள் இட்டும் அச்சிட்டார். சிறுவன் தானாகவே வாசிக்கலாயினான். இது சிறிய பேறன்று.

எனினும், அச்சு ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை மெல்ல வாங்கிக்கொண்டது. வாய்விட்டு வாசிக்கவேண்டிய தேவை அகன்றது; கண் ஒன்றே போதும் என்றாயிற்று. நாவலர் இதனை உணர்ந்தே போலும், 1847 டிசெம்பர் 31 இலே வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே தொடங்கிய பிரசங்கத்தை அச்சியந்திரம் வந்தபின்னரும் கைவிட்டாரல்லர். கண்ணுக்கு அச்சும் செவிக்குப் பிரசங்கமுமாக இரண்டையும் சேர்த்தே நடத்தினார். பின்வந்த பள்ளிக்கூடங்கள் அச்சை மட்டும் வைத்துக்கொண்டன.

இன்று அதன்மேல் ஒளித்திரை வந்துள்ளது. மல்ரிமீடியா என்று எல்லோரும் அழைக்கும் ஒளியெறி கருவியைக் கொண்டு நடக்கும் செய்யுட்பாடம் ஒன்றை நோக்குக. செய்யுள் திரையில் வருகின்றது. பதப்பிரிப்பு வேறொரு நிறத்தில் வருகின்றது. பொருளும் இலக்கணக் குறிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. மாணவர் அமைதியாகப் பார்த்து எழுதுகின்றனர். அதிபர் அவ்வழியாற் சென்றால் மகிழ்வார். பாடவேளை முடிவில் 45 பேரில் ஒருவனாவது அச்செய்யுளை ஒருமுறை சொல்லியிருப்பானா என்றால் இல்லை. வினாக்களை விளையாட்டாக்கி, விரைந்து விடையழுத்துவோர்க்குப் புள்ளி வழங்கும் செயலிகளும் உள்ளன. மீட்டற் பயிற்சிக்கு அவை நன்று. மாணவர் ஆரவாரத்தோடு ஈடுபடுவர். ஆயினும் நாலு விடையுள் ஒன்றை விரலால் தொடுதல் மொழிப்பயிற்சி ஆகாது.

கேட்டுத் திருப்பிச் சொல்லும் பயிற்சி எமக்குப் புதியதன்று. கோயிலிலே கந்தபுராணம் படிக்கும்போது ஒருவர் செய்யுளை வாசிப்பார்; மற்றொருவர் பயன் சொல்வார். வாசிப்பிற் பிழை நேர்ந்தாற் கேட்டிருக்கும் பெரியவர் அவ்விடத்திலேயே திருத்துவார். வாசிப்பவர்க்கும் கேட்பவர்க்கும் அங்கே வேலை உண்டு. அண்மைக் காலத்திலிருந்தும் ஒன்று சொல்லலாம். 1990 களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி கிடைப்பதும் அரிது. சைக்கிள் டைனமோவிற் கம்பி தொடுத்து, ஒருவர் மிதிக்க மற்றையோர் வானொலி கேட்டனர். யாம் அப்போது சிறுவர். மிதிப்பவருக்குச் சில்லின் சத்தத்திற் செய்தி பாதிதான் விழும். மீதியைக் கேட்டவர் சொல்லவேண்டும். விடிந்ததும் படலையடியில் அயலாருக்கும் சொல்லவேண்டும். ஒன்றை மாற்றிச் சொன்னால் உடனிருந்து கேட்ட இன்னொருவர் விடமாட்டார். கேட்டல், மனத்திற் கொள்ளல், முறை பிறழாது திருப்பிச் சொல்லல் ஆகிய மூன்றையும் ஒரு பழைய வானொலிப் பெட்டி எமக்குப் பழக்கியது. இன்று செய்தி ஒவ்வொருவன் கைக்கும் தனித்தனியே வந்துவிடுகின்றது. ஆகையால் ஒருவனுக்கொருவன் சொல்லவேண்டிய தேவை இல்லை.

2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாடெங்கும் சூம் வகுப்புகள் நடந்தன. பெயர் எழுதிய கரிய சதுரங்களைப் பார்த்து ஆசிரியர்கள் பேசினர். சதுரத்தின் பின்னால் மாணவன் இருக்கின்றானா, பட்டம் ஏற்றப் போய்விட்டானா என்று அறிதல் அரிது. அதே காலத்தில் வட்ஸ்அப் வழியாக யாம் வேறொன்று செய்து பார்த்தோம். பாடப்பகுதி ஒன்றை வாசித்து, குரலைப் பதிந்து அனுப்புமாறு மாணவரை வேண்டினோம். வகுப்பில் எழுந்து நின்றால் நாவெழாத ஒருவன் இரண்டு நிமிட வாசிப்பை அனுப்பினான். பின்னணியிற் சேவல் கூவிற்று. தாயார் யாரையோ ஏசினார். வாசிப்பு மட்டும் தெளிவாக இருந்தது. எத்தனைதரம் பதிந்து பார்த்தாய் என்று வினவினோம். “பதினொருதரம், சேர். முதற் பத்தும் எனக்கே பிடிக்கேல்லை,” என்றான்.

ஒரு பந்தியைப் பதினொரு முறை வாசி என்று எந்த ஆசிரியன் சொல்லினும் எந்த மாணவன் கேட்பான்? அவனை வாசிக்க வைத்தது ஏவலோ பிரம்போ அன்று. தன் குரலைத் தானே கேட்டமைதான்.

அதன்பின் அம்முறையை வகுப்பிற்குள்ளும் கொண்டுவந்தோம். மாணவர் கைப்பேசி கொண்டுவருதல் எமது கல்லூரி விதிக்கு ஆகாது, அவ்விதி நன்றே. எம்மிடமுள்ள கைப்பேசியையும், இரவலாகப் பெற்ற சிறிய ஒலிப்பதிவுக் கருவி இரண்டையும் கொண்டு மூன்று குழுக்களுக்கு ஒரு முறையாக நடத்துகின்றோம். ஒருவன் வாசிக்க நால்வர் நூலையும் பென்சிலையும் வைத்துக்கொண்டிருப்பர். பின்னர் பதிவைக் கேட்பர். விதி ஒன்றே: வாசித்தவன் தன் பிழையைத் தானே முதலிற் சொல்லல் வேண்டும், அவன் சொல்லிமுடியும்வரை மற்றையோர் வாய்திறத்தல் கூடாது. முதல்நாளில் எல்லோரும் ஒரேவகையாகவே சொல்வர்: “சேர், இது என்ர குரல் இல்லை!” நாம் பேசும்போது எமது குரல் காற்று வழியாக மட்டுமன்றி எலும்பு வழியாகவும் செவிக்கு எட்டுகின்றது, பதிவிலே அவ்வெலும்பொலி இல்லாமையால் அந்நியமாகத் தோன்றுகின்றது. இதனைச் சொன்னால் நம்புகின்றனர். நம்பியபின் செவி கூர்மையடைகின்றது.

அவர்கள் கேட்டறிவன பல. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிப்பது நெடுங்கால வழக்கு. வீட்டிலும் சந்தையிலும் அதனைக் குறைசொல்வார் இல்லை, சொல்லவும் வேண்டியதில்லை. ஆனால், மேடையிலும் செய்யுளிலும் வாழை வேறு, வாளை வேறு. உழவு வேறு, உளவு வேறு. கரும்பலகையில் எழுதிக் காட்டினால், ‘தெரியும் சேர்’ என்பவன், பதிவைக் கேட்டபின் மௌனமாகின்றான். நிறுத்தம் பற்றியும் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். ‘பலகையொலி கேட்டது’ என்பதை ஒரே மூச்சிற் சொன்னால் மரப்பலகையின் ஒலி. ‘பல’ என்றதும் சற்றே நிறுத்திச் சொன்னால் பல கைகளின் ஒலி. இவ்வேறுபாட்டை எழுத்து காட்டாது, குரலே காட்டும். (திறன்பலகை வழங்க விரும்பும் அன்பர்கள் இவ்வுதாரணத்தை எம்மேற் குற்றமாகக் கொள்ளாதிருப்பாராக.)

தேர்வு எழுத்துத் தேர்வாயிற்றே, வாய்ப்பயிற்சிக்குப் புள்ளி இல்லையே எனப் பெற்றோர் கேட்பர். நியாயமான கேள்வி. மாணவன் தான் எழுதிய கட்டுரையைத் தானே வாசித்துப் பதிந்து கேட்கட்டும். எழுவாய் பன்மையாகவும் பயனிலை ஒருமையாகவும் நின்ற வாக்கியத்தைக் கண் கடந்துபோகும்; செவி கடந்துபோகாது. ஒரே சொல்லை ஒரு பந்தியில் ஐந்துமுறை சொன்னதும், தொடங்கிய வாக்கியம் முடியாமலே நின்றதும் கேட்கும்போது உறுத்தும். சிவப்பு மையால் யாம் இட்ட கோட்டைப் பார்த்துத் திருத்துபவன் அடுத்த கட்டுரையிலும் அதே பிழையைச் செய்கின்றான். தானே கேட்டுத் திருத்தியவன் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. இது எமது வகுப்பிற் கண்டது. ஆராய்ச்சி முடிபு என்று சொல்லத் துணியோம்.

இக்காலத்துக் கருவிகளுள் நேர்மாறான இயல்புடையனவும் உள. மாணவனின் குறையை அவனுக்குக் காட்டாமல் மறைத்துவிடுவன அவை. 2017 இலே கூகிள் நிறுவனம் குரல்வழித் தட்டச்சைத் தமிழுக்கும் விரித்தது. கைநடுங்கும் முதியோர்க்கும் பார்வை குன்றியோர்க்கும் அது பெரும் வரப்பிரசாதம். ஆனால், ‘வாளைப்பளம்’ என்று ஒருவன் சொல்ல, அக்கருவி அறிந்த சொல்லையே தேர்ந்து ‘வாழைப்பழம்’ என எழுதிவிடும். தான் செவ்வனே ஒலித்ததாக அவன் எண்ணிக்கொள்வான். ஆங்கில எழுத்தால் ஒலியைத் தட்டித் தமிழாக்கும் முறையும் இத்தகையதே. ‘பலம்’, ‘பழம்’, ‘பாலம்’, ‘பள்ளம்’ என வரிசையாக வந்து நிற்பவற்றுள் ஒன்றைத் தொடுவதோடு வேலை முடிகின்றது. ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை உள்ள தமிழ் விசைப்பலகையில் எழுதுபவனோ ஒவ்வொரு முறையும் எது வேண்டும் என்று எண்ணியே அழுத்தவேண்டும். கணினி அறையில் மாணவருக்கு இம்முறையையே பழக்கவேண்டுமென்று கணினி ஆசிரியர்களை இம்மலர் வாயிலாகவும் வேண்டுகின்றோம்.

2022 நவம்பரின் பின் பரவிய செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சொல்லாது விடுதல் முறையன்று. தைப்பொங்கல் பற்றி வீட்டில் எழுதிவருமாறு கூறினால், பிழையற்ற கட்டுரைகள் சில வருகின்றன. அவற்றிலே அலங்காநல்லூர்க் காளை துள்ளிப் பாய்கின்றது. வல்வெட்டித்துறைப் பட்டத்தைக் காணோம். முற்றத்திற் கோலமிட்டு அடுப்பு வைத்துச் சீனவெடி கொளுத்தும் பொங்கல் அங்கே இல்லை. மாணவன் தன் வீட்டுப் பொங்கலையே இயந்திரத்திடம் கேட்டு, வேறொருவர் வீட்டுப் பொங்கலைப் பெற்று வந்துள்ளான்! தண்டித்துப் பயனில்லை; தடுக்கவும் முடியாது. யாம் இரண்டு செய்கின்றோம். கட்டுரை தந்தவன் தாளைப் பாராது அதனை இரண்டு நிமிடம் வாயாற் சொல்லல் வேண்டும்; சொல்லும்போது தோழர் இருவர் குறுக்குக் கேள்வி கேட்பர். அன்றியும், இயந்திரம் எழுதிய கட்டுரை ஒன்றை யாமே வகுப்பிற் கொடுத்து, எமது ஊருக்குப் பொருந்தாத இடங்களைக் குழுக் குழுவாகக் கண்டு திருத்தச் சொல்கின்றோம். பிறர் பிழையைத் திருத்துவதில் மாணவர்க்குள்ள உற்சாகம் அளவிறந்தது. அப்பிழை இயந்திரத்தினது என்றால் இன்னும் மேல்.

இனி, அன்பர்கள் கேட்டதற்கு விடை கூறுவோம். படக்கருவி முற்றிலும் வேண்டாம் என்பது எமது கருத்தன்று. ஏட்டின் படத்தையும் கல்வெட்டின் படத்தையும் பெருப்பித்துக் காட்டத் தமிழாசிரியனுக்கும் ஆண்டில் நாலைந்து முறை அது வேண்டும். அதற்குக் கல்லூரிக்குப் பொதுவான ஓர் அறையில் ஒரு பலகை இருந்தாற் போதும். வகுப்புக்கு ஒன்று வேண்டியதில்லை. விலையும் பழுதும் ஒருபுறம் இருக்க, 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டதை நாம் மறந்துவிடலாகாது. அந்நாள்களில் திறன்பலகை சுவரிலே தொங்கும் ஒரு கரிய பலகையாகவே இருந்திருக்கும். அதில் வெண்கட்டியாலும் எழுத இயலாது.

தமிழ் வகுப்புக்கு யாம் வேண்டுவன சிறியன. பற்றரியால் இயங்கும் ஒலிப்பதிவுக் கருவி பத்து: ஒன்பது குழுக்களுக்கு, ஒன்று பழுதானால் மாற்றாக. கைப்பேசியே அவ்வேலையைச் செய்யுமே என்பீர்களாயின், கைப்பேசிக்கு வாசல்கள் பல. ஒலிப்பதிவுக் கருவிக்கு ஒரே வாசல். அடுத்து, இரண்டு நல்ல ஒலிபெருக்கிப் பெட்டி. அடுத்து, மற்றை வகுப்புகளினின்று சற்று விலகிய ஓர் இடம். ஒன்பது குழுக்கள் ஒருங்கே வாசிக்கத் தொடங்கினால் அடுத்த அறையிற் கணிதம் கற்பிக்கும் நண்பர் யன்னலால் எட்டிப் பார்க்கும் பார்வையை யாமே அறிவோம். அவர்மேலும் குறையில்லை. வேம்பின் கீழ் ஓர் ஓலைக் கொட்டிலாயினும் சரியே.

பொருளுக்கு மேலாக வேண்டுவது ஒன்றுண்டு; பழைய மாணவர்களின் குரல். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் தாங்கள், ஆளுக்கு அரைமணி நேரம் எமது மாணவர்க்குத் தருதல் வேண்டும். ஐவர் கொண்ட ஒரு குழு வினாக்களை முன்னரே ஆக்கித் தங்களுக்கு அனுப்பும். குறித்த நாளிற் காணொளி அழைப்பில் தங்களோடு உரையாடும்; தங்கள் இசைவோடு பதியும். பின் அதனைக் கேட்டுக் கேட்டு எழுத்தில் இறக்கும். பேச்சுநடையில் ஒரு படியும் கட்டுரைநடையில் ஒரு படியுமாக எழுதும். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தொலைவை இதனினும் நன்றாகக் கற்பிக்கும் வழியை யாம் அறியோம். பெரியவர் ஒருவரோடு வணக்கம் கூறித் தொடங்கி, இடைமறிக்காது கேட்டு, நன்றி கூறி முடிக்கும் முறையும் உடன் வரும்.

எழுதியவற்றைப் பேணுவதற்கும் வழி உண்டு. 1981 இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது மீளப் பெறவியலாதன எத்தனையோ அழிந்தன. 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பாடசாலை மலர்களையும் இணையத்திற் சேர்த்து எவர்க்கும் கட்டணமின்றி வழங்கி வருகின்றது. பழைய மலர்களை எமது மாணவர் அங்கே வாசித்து, தம் வயதினர் முன்னாளில் எவ்வாறு எழுதினர் என்று வியக்கின்றனர். இம்முறையில் ஆகும் உரையாடல்களையும் ஒரு தொகுப்பாக்கி அங்கே சேர்ப்பிக்கலாம்.

நேரம் பற்றி ஒரு குறிப்பு. எமக்கு மாலை 5 மணி, ரொறன்ரோவிற் கோடைகாலத்திற் காலை 7.30, இலண்டனில் நண்பகல் கடந்து 12.30. விடுமுறை நாளாயின் இருபாலார்க்கும் இசையும் என எண்ணுகின்றோம். விருப்பமுள்ளோர் தாம் கல்லூரியிற் கற்ற ஆண்டுகளையும் வசதியான நாளையும் குறித்து, தமிழ்ப் பகுதிக்கு எனக் கல்லூரி முகவரிக்கு எழுதியனுப்புக. தரம் 10 மாணவர் முதல் உரையாடலுக்கென 23 வினாக்கள் ஆக்கியுள்ளனர். அவற்றுள் ஏழு விடுதிச் சாப்பாட்டைப் பற்றியவை. யாம் அவற்றில் ஒன்றையும் நீக்கவில்லை.